பாரதி பூங்காவிலிருந்து எந்தப் பக்கம் நடப்பது? புதுச்சேரிக்கு வருகிறவர்கள் கேட்பவை

வார இறுதி வந்தால் புதுச்சேரிக்காரர்களின் கைப்பேசி ஓயாது. சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ யாராவது கிளம்பியிருப்பார்கள். அறை கிடைத்திருக்கும், சாப்பாட்டுக் கடையும் முடிவாகியிருக்கும். எங்கே நடப்பது என்பதை மட்டும் நம்மிடம் கேட்பார்கள். பாரதி பூங்காவைத் தொடக்கமாக வைத்துச் சொன்னால்தான் வெளியூர்க்காரர்களுக்கு ஊர் பிடிபடுகிறது. கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறாததால் எழுதி வைத்துவிட்டேன். எளியவை முதலில், சிக்கலானவை பிறகு.

பாரதி பூங்கா கடலுக்குப் பக்கத்திலா? நடந்தே போய்விடலாமா?

மிகப் பக்கம். பூங்காவின் கிழக்குப் பக்கம் வெளியே வந்து நேராக நடந்தால் சில நிமிடங்களில் காந்தி திடல் வந்துவிடும். அதற்கு அப்பால் கடல்தான். வடக்கில் பிரெஞ்சு ஆளுநர்கள் வாழ்ந்த ராஜ் நிவாஸ் மாளிகை நிற்கிறது. சட்டப்பேரவையும் அருங்காட்சியகமும் பூங்காவை ஒட்டியவையே. ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வரலாம். பேருந்து நிலையத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஆகும், வழியும் நடப்பதற்கு இனிமையானதல்ல. ஆட்டோ பிடியுங்கள், ஏறும் முன்பே கட்டணத்தைப் பேசிவிடுங்கள்.

அதிகார மையத்தின் நடுவில் இருப்பதால் இந்தப் பூங்காவுக்கு ஒரு தொல்லை உண்டு. சட்டப்பேரவை கூடும் நாள்களிலும் ஏதாவது சங்கம் முற்றுகைக்கு வரும் நாள்களிலும் சுற்றியுள்ள வீதிகளில் தடுப்புக் கட்டைகள் முளைத்துவிடும். சிவப்புத் தொப்பி போட்ட காவலர் கையைக் காட்டினால் வாதாட வேண்டாம். அடுத்த வீதி வழியாகவும் கடலுக்குப் போகலாம்.

பூங்காவுக்குள்ளேயே சுற்றி வந்தால் போதாதா?

காலில் கொஞ்சம் ரத்தம் ஓடினால் போதும் என்பவர்களுக்குப் போதும். உள்ளே நல்ல நிழல், உட்கார இடம், ஓடித் திரியக் குழந்தைகளுக்குப் புல்வெளி. காலை நேரத்தில் உள்ளூர்ப் பெரியவர்கள் இங்கேதான் நடக்கிறார்கள். ஆனால் ஒரு சுற்றுக்குச் சில நிமிடங்கள்தான் ஆகும். அதையே திரும்பத் திரும்பச் சுற்றினால் செக்குமாட்டு நடையாகிவிடும். பூங்காவைத் தொடங்கும் இடமாகவும் இளைப்பாறும் இடமாகவும் வைத்துக்கொண்டு வெளியே கிளம்புங்கள்.

நிற்கும் இடத்தின் கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே ஐந்து மூலைகள் கொண்ட ஒரு கோட்டை கட்டியிருந்தார்கள். 1761இல் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர்கள் அந்தக் கோட்டையையும் ஊரில் பெரும்பகுதியையும் தரைமட்டமாக்கினார்கள். இன்று பார்க்கும் மஞ்சள் சுவர் மாளிகைகள் அதற்குப் பிறகு எழுந்தவை.

நடுவில் இருக்கும் வெள்ளை மண்டபம் யாருடைய சமாதி?

சமாதி அல்ல. தண்ணீர் வந்ததற்கு எழுப்பிய நன்றிக்கல். ஆயி மண்டபம் என்று பெயர். புதுச்சேரி அரசின் சின்னத்திலும் இதுதான் இருக்கிறது. பிரான்சில் மூன்றாம் நெப்போலியன் ஆண்ட காலத்தில், ஊருக்கு மேற்கே முத்தரையர்பாளையத்திலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் வாழ்ந்த வெள்ளை நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்தார்கள். அதன் நினைவாகக் கட்டியது. தூண்களும் வளைவுகளும் கிரேக்க, ரோமானிய பாணி. பெயர் மட்டும் தமிழ்.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு வழிவழிக் கதை இருக்கிறது. கிருஷ்ணதேவராயர் இந்தப் பக்கம் வந்தபோது விளக்கொளியில் மின்னிய ஒரு வீட்டைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும், அவமானத்தில் இடிக்கச் சொன்னாராம். ஆயி தன் வீட்டைத் தானே இடித்து, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டிக் கொடுத்தாள் என்பது கதை. அந்தக் குளத்து நீர்தான் பின்னாளில் ஊருக்கு வந்தது என்பதால் மண்டபத்துக்கு அவள் பெயர். அரசன் தப்பாகக் கும்பிட்டதற்கு அவள் ஏன் வீட்டை இழக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் யாராவது ஒரு சிறுமி கேட்பாள். எனக்கு இதுவரை பதில் கிடைக்கவில்லை.

துய்மா வீதி, சுய்ப்ரேன் வீதி என்று வாயில் நுழையாத பெயர்களாக இருக்கின்றன. வழி தவறிவிட்டால்?

இந்த ஊரில் வழி தவறுவது கடினம். வீதிகள் எல்லாம் கட்டம் போட்ட நோட்டுப் புத்தகம் போல நேர்கோட்டில் ஓடுகின்றன. ஒன்று கடலுக்கு இணையாகப் போகும், இல்லையென்றால் கடலை நோக்கிப் போகும். 1693 முதல் 1699 வரை டச்சுக்காரர்களின் கையில் ஊர் இருந்தபோது அவர்கள் வரைந்த திட்டத்தைத்தான் பிரெஞ்சுக்காரர்களும் பின்பற்றினார்கள். வீதி மூலைகளில் நீல நிறப் பெயர்ப்பலகைகளில் தமிழும் பிரெஞ்சும் இருக்கும்.

நினைவில் வைக்க வேண்டியவை இரண்டே எல்லைகள். கிழக்கே கடல், மேற்கே பெரிய வாய்க்கால். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் வெள்ளை நகரம். வாய்க்காலைத் தாண்டினால் தமிழர் பகுதி தொடங்கும். இவ்வளவையும் சுற்றி முட்டை வடிவத்தில் ஓடும் சாலைகளுக்கு உட்பட்டதைப் புல்வார் பகுதி என்று சொல்வோம்.

பீச் ரோட்டை முழுதாக நடக்க எவ்வளவு நேரம் ஆகும்? எங்கிருந்து எங்கே?

பெயர்ப்பலகையில் குபேர் பெயர் இருந்தாலும் எல்லோருக்கும் அது பீச் ரோடுதான். முழு நீளமும் ஒன்றரை கிலோமீட்டருக்குள். வேகமாக நடந்தால் இருபது நிமிடம். வேடிக்கை பார்த்துக்கொண்டு போனால் கணக்கு கிடையாது.

காந்தி திடல் ஏறக்குறைய நடுவில் இருப்பதால், பூங்காவிலிருந்து வருகிறவர்கள் முதலில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தயங்குவார்கள். நான் வடக்கே திரும்பச் சொல்வேன். 1836இல் ஏற்றிய பழைய கலங்கரை விளக்கம், முதல் உலகப் போரில் இறந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்கு 1938இல் எழுப்பிய போர் நினைவுச் சின்னம், தலைமைச் செயலகம் என்று அந்தப் பகுதியை முடித்துவிடுங்கள். பிறகு திரும்பி, கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டு தெற்கே கடைசி வரை போனால் பிரெஞ்சு ஆளுநராக இருந்த டூப்ளேயின் சிலை. வழியில் மேரி கட்டடம் என்று நாங்கள் சொல்லும் பழைய நகராட்சி மாளிகை வரும். பார்ப்பதற்குப் பழையதாக இருக்கும். உண்மையில் 2014 நவம்பர் மழையில் மூலக்கட்டடம் இடிந்து விழுந்துவிட்டது. பழைய தோற்றத்திலேயே கட்டி 2021இல் திறந்தார்கள்.

காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்களை மட்டும் கிட்டப் போய்ப் பாருங்கள். செஞ்சியிலிருந்து வந்தவை என்பார்கள். சிலையைப் படம் எடுக்கிறவர்களில் பாதிப் பேர் அந்தத் தூணில்தான் சாய்ந்துகொண்டு நிற்பார்கள், அதில் இருக்கும் செதுக்கு வேலையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

வண்டிகள் வராத நேரம் எது?

மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை பீச் ரோட்டில் வண்டிகளுக்கு இடமில்லை. சாலை முழுவதும் நடப்பவர்களுக்கே. காலை ஐந்தரை முதல் ஏழு வரை நடப்பவர்கள் ஒரு கூட்டம், மாலையில் வருகிறவர்கள் வேறு கூட்டம். முதல் கூட்டம் கையை வீசி நடக்கும். இரண்டாவது கூட்டம் சுண்டலும் வேர்க்கடலையும் வாங்கிக்கொண்டு நின்றுவிடும். உடற்பயிற்சிக்கு நடக்கிறவர்கள் மாலையில் வந்துவிட்டு வேகம் போக முடியவில்லை என்று குறைப்படுவதில் பயனில்லை.

கடற்கரை என்றார்கள். மணலைக் காணோம், பாறைதானே இருக்கிறது?

ஒரு காலத்தில் மணல் இருந்தது. நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் தெற்கிலிருந்து வடக்கே மணலைத் தள்ளிக்கொண்டே போகும். ஒரு கரையிலிருந்து போகும் மணலைத் தெற்கிலிருந்து வரும் மணல் ஈடுகட்டும். ஊருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக 1980களில் கடலுக்குள் தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். வரும் மணல் அங்கேயே சுவருக்குத் தெற்கில் தேங்கியது. நகரக் கரையிலிருந்து போன மணலுக்கு ஈடு வரவில்லை. சில ஆண்டுகளில் கரை காணாமல் போய், அலை சாலையைத் தொடத் தொடங்கியது. சாலையைக் காப்பாற்றக் கொட்டியவைதான் இந்தக் கருங்கற்கள்.

கல் போட்டால் அரிப்பு நிற்காது, அடுத்த ஊருக்கு நகரும். வடக்கே வைத்திக்குப்பம், சோலை நகர், கோட்டக்குப்பம் என்று மீனவர்கள் வீடுகளையும் படகுத்துறைகளையும் இழந்தது இப்படித்தான். பிற்பாடு தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் திட்டப்படி தலைமைச் செயலகத்தின் எதிரே கடலுக்கடியில் ஒரு செயற்கைத் திட்டு அமைத்தார்கள். அதன் பிறகு அந்தப் பகுதியில் மணல் மீண்டும் சேர்ந்தது. மணலில் நடக்க ஆசைப்படுகிறவர்கள் அந்தப் பக்கம் போகலாம். இல்லையென்றால் டூப்ளே சிலையைத் தாண்டி இன்னும் தெற்கே, வம்பாகீரப்பாளையத்தை ஒட்டிய கரைக்குப் போங்கள். அங்கே மணலுக்குப் பஞ்சமில்லை.

பாறைகளில் இறங்கிக் கால் நனைக்கலாமா?

கூடாது. பாசி படிந்த கல் வழுக்கும், கல்லிடுக்கில் கால் சிக்கினால் அடுத்த அலை காத்திருக்காது. மணல் உள்ள இடத்திலும் முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம். இந்தக் கடலில் உள்ளிழுப்பு அதிகம். விடுமுறைக்கு வந்த இளைஞர்கள் மூழ்கிய செய்தி உள்ளூர் நாளிதழ்களில் அடிக்கடி வரும்.

சூரிய உதயமா, அஸ்தமனமா? எது நன்றாக இருக்கும்?

அஸ்தமனத்தைப் பார்க்க இங்கே கடலோரம் வருகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கிழக்குக் கடற்கரை ஐயா, சூரியன் முதுகுக்குப் பின்னால் கட்டடங்களுக்குள் போய் விழும். உதயத்துக்கு வாருங்கள்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. விடியற்காலையில் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும். அதனால் கோடையில் காலை ஆறு மணிக்குக்கூடக் கடலோரம் புழுங்கலாம். வெயில் ஏறித் தரை சூடான பிறகு, நண்பகலையொட்டித்தான் கடற்காற்று உள்ளே வரும். கோடையில் காலையில் நடப்பவர்கள் பூங்காவின் மர நிழலையும், மாலையில் நடப்பவர்கள் கடலோரத்தையும் தேர்ந்தெடுப்பது நல்லது.

ஆசிரமத்தையும் மணக்குள விநாயகரையும் ஒரே நடையில் பார்க்க முடியுமா?

தாராளமாக. பூங்காவிலிருந்து ராஜ் நிவாஸைத் தாண்டி வடக்கே போனால் ஐந்தாறு நிமிடத்தில் விநாயகர் கோயில். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் மரின் வீதியில் அரவிந்தர் ஆசிரமம். அதைப் பார்த்துவிட்டுக் கிழக்கே திரும்பினால் பீச் ரோட்டின் வடபகுதி. கடலோரமாகவே காந்தி திடல் வந்து பூங்காவுக்குத் திரும்பிவிடலாம். நிற்கும் நேரத்தைக் கழித்தால் அரை மணி நேர நடை.

நேரம்தான் இடிக்கும். கோயில் நண்பகலில் நடை சாத்தி மாலையில்தான் திறக்கும். ஆசிரமத்தில் காலை 8 முதல் 12 வரையும் பிற்பகல் 2 முதல் 6 வரையும் பார்வையாளர்களை விடுகிறார்கள். மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு உள்ளே அனுமதி இல்லை. இது தெரியாமல் வந்து, கைக்குழந்தையோடு வாசலில் ஒருவர் மாற்றி ஒருவர் காவல் நிற்கும் தம்பதிகளைத் தினமும் பார்க்கலாம். இரண்டையும் பார்க்க வேண்டும் என்றால் காலை எட்டரைக்குப் பூங்காவிலிருந்து கிளம்புங்கள்.

கோயில் வாசலில் யானை இருக்குமாமே?

இப்போது இல்லை. லட்சுமி 2022 நவம்பர் 30 அன்று காலை நடைப்பயிற்சியின்போதே சாலையில் சரிந்து இறந்துபோனது. ஊரே அழுதது, கடைகள் அடைத்தார்கள். கோயிலுக்கு எதிரே யானை நிற்கும் இடத்தைக் கேட்டு இன்னமும் குழந்தைகளை அழைத்து வருகிறார்கள், பாவம்.

தெற்குப் பக்கம் நடந்தால் என்ன கிடைக்கும்?

அமைதி. வடக்கில் ஆசிரமக் கூட்டம், கிழக்கில் கடற்கரைக் கூட்டம். துய்மா வீதி, ரோமன் ரோலண்ட் வீதி, சுய்ப்ரேன் வீதி ஆகியவற்றில் காலை வேளையில் உங்கள் செருப்புச் சத்தம் உங்களுக்கே கேட்கும். மதில் மேலே காகிதப்பூ கொத்துக் கொத்தாகத் தொங்கும். துய்மா வீதியில் 1855இல் கட்டி முடித்த கப்ஸ் கோவில் கடலைப் பார்த்து நிற்கிறது. அதன் முன்னால் ஜோன் ஆஃப் ஆர்க் சிலை. தமிழிலும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பூசை நடக்கும் தேவாலயம் இது.

அங்கிருந்து இன்னும் தெற்கே போய்ச் சுப்பையா சாலையில் மேற்கே திரும்பினால் ரயில் நிலையமும் இருதய ஆண்டவர் பசிலிக்காவும் வரும். ரயிலில் ஊர் திரும்புகிறவர்கள் கடைசி நடையாக இதை வைத்துக்கொண்டால் ஆட்டோ செலவு மிச்சம்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது? வெறும் கடைத்தெருதானே?

இந்தக் கேள்விக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன் என்றே சொல்லலாம். புதுச்சேரிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் கடலைப் பார்த்தே நடந்து, கடலைப் பார்த்தே திரும்புகிறார்கள். என்னைக் கேட்டால் இந்த ஊரின் நல்ல நடை, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பூங்காவிலிருந்து மேற்கே போவதுதான். ரங்கப்பிள்ளை வீதியில் வாய்க்காலைத் தாண்டுங்கள். நீங்கள் நடக்கும் வீதிக்குப் பெயர் தந்த ஆனந்தரங்கப் பிள்ளை, டூப்ளேயின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடையாளாகவும் இருந்தவர். 1736 முதல் 1761 வரை தமிழில் அவர் எழுதிவைத்த நாட்குறிப்பு இல்லாவிட்டால் அந்தக் காலத்து ஊர் நமக்குப் பாதிதான் தெரிந்திருக்கும். மார்க்கெட் பக்கம் அவருடைய மாளிகை இருக்கிறது. கீழ்த்தளம் நம் ஊர் மரத்தூண்களோடு, மேல்தளம் ஐரோப்பியத் தூண்களோடு. மிஷன் வீதியில் சம்பா கோவில் என்கிற தேவாலயம். அதன் பக்கத்தில் இருந்த பழைய வேதபுரீசுவரர் கோயிலை 1748இல் இடித்ததைப் பற்றி அந்த நாட்குறிப்பில் பிள்ளை மனம் நொந்து எழுதியிருக்கிறார். இப்போது காந்தி வீதியில் இருப்பது பிற்காலத்தில் கட்டியது.

அப்படியே வடக்கே திரும்புங்கள். ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் குடியிருந்த வீடு நினைவு இல்லமாக இருக்கிறது. 1908இல் ஆங்கிலேயரின் கைதுக்குத் தப்பி இங்கே வந்தவர் 1918 வரை இந்த ஊரில்தான் இருந்தார். பூங்காவுக்கு அவர் பெயர் வந்தது சும்மா அல்ல. பாரதிதாசன் வீடு பெருமாள் கோயில் வீதியில். இன்னும் வடக்கே வைசியாள் வீதி என்கிற கால்வே சுப்பராய செட்டி வீதி. அதைப் புதுப்பித்த பணிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது.

இங்கே வீட்டு முகப்புகளை நின்று பாருங்கள். தெருவை ஒட்டி, மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுச் சாய்ப்பு இருக்கும். அதற்குத் தாழ்வாரம் என்று பெயர், போகிற வருகிறவர்கள் வெயிலுக்கு ஒதுங்க. அதற்கு உள்ளே திண்ணை, வீட்டுக்கு வருகிறவர்கள் உட்கார. பிறகுதான் செதுக்குக் கதவு, நடை, முற்றம். பழைய தேக்குத் தூண்களில் ஆள் தோள் உயரத்தில் வண்ணம் போய் வழவழவென்று இருக்கும். தலைமுறை தலைமுறையாகச் சாய்ந்த முதுகுகளின் வேலை. சில வீடுகளில் கீழே திண்ணையும் மேலே பிரெஞ்சு ஜன்னலும் ஒரே சுவரில் ஒட்டியிருக்கும். பல வீடுகளில் திண்ணையைக் கம்பி போட்டு அடைத்துவிட்டார்கள், சிலவற்றை இடித்து அடுக்கு வீடு கட்டிவிட்டார்கள். வெள்ளை நகரத்தின் மஞ்சள் சுவர் அடுத்த ஆண்டும் இருக்கும். இந்தத் தாழ்வாரங்கள் எல்லாம் இருக்குமா என்பதற்கு என்னால் உறுதி சொல்ல முடியாது.

ஒரே நாளில் பத்தாயிரம் அடி எடுக்க வேண்டும். அதற்கு ஏற்ற சுற்று எது?

கைக்கடிகாரம் சொல்வதைக் கேட்டு நடக்கிறவர்களுக்குப் புல்வார் சுற்று. பூங்காவிலிருந்து கடலோரமாக வடக்கே போய், படேல் சாலையில் மேற்கே திரும்பி, அண்ணா சாலையில் தெற்கே இறங்கி, சுப்பையா சாலையில் கிழக்கே வந்து மறுபடி கடலைத் தொட்டால் ஊரின் முட்டையைச் சுற்றி வந்துவிட்டீர்கள். ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். மிச்ச அடிகளுக்கு பீச் ரோட்டில் ஒருமுறை போய் வாருங்கள்.

ஆனால் அதிகாலையில் மட்டும். எட்டு மணிக்கு மேல் அண்ணா சாலையில் நடப்பது பயிற்சியல்ல, தண்டனை. காட்சியைப் பொறுத்தவரை இந்தச் சுற்றின் மேற்குப் பாதியில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை.

அப்பாவுக்கு முழங்கால் வலி. அவரை எங்கே அழைத்துப் போகலாம்?

பூங்காவின் கிழக்குப் பக்கத்திலிருந்து காந்தி திடல் வரை, அங்கிருந்து தெற்கே மேரி கட்டடம் வரை. ஏற்ற இறக்கமே இல்லை, கடலோரத்தில் உட்காரத் திண்டுகள் உண்டு. வண்டிகள் வராத நேரத்தில் நடைமேடையை விட்டுச் சாலையிலேயே நடக்கலாம், படியேறும் தொல்லையும் இல்லை. சக்கர நாற்காலிக்கும் அதுவே வசதி.

மேற்கே தமிழர் வீதிகளுக்கு அவரைக் காலால் நடத்திக் கூட்டிப்போக வேண்டாம். நடைமேடை ஓரிடத்தில் உயரும், ஓரிடத்தில் காணாமல் போகும், வீட்டுப் படிகள் தெருவில் நீட்டிக்கொண்டிருக்கும். சைக்கிள் ரிக்‌ஷாவோ ஆட்டோவோ வைத்துக்கொண்டு மெல்லப் போகச் சொல்லுங்கள். தாழ்வாரத்தை உட்கார்ந்தபடியும் ரசிக்கலாம்.

மே மாத வெயிலில் வரலாமா? மழைக்காலத்தில்?

மே மாதத்தில் பத்து மணிக்கு மேல் நாலு மணி வரை நடையை மறந்துவிடுங்கள். அந்த நேரத்துக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. அரிக்கமேட்டில் கிடைத்த பொருள்களும் டூப்ளேயின் கட்டிலும் அங்கே உண்டு, திங்கள்கிழமை மட்டும் விடுமுறை. இன்னொரு வழி, 1826இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா. நிழலுக்கு அதை மிஞ்ச ஊரில் வேறு இடமில்லை. பாரதி பூங்காவிலிருந்து நடக்கும் தூரத்தில் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

மழை இங்கே அக்டோபர் முதல் டிசம்பர் வரை. சாதாரண மழை என்றால் வெள்ளை நகரத்தில் நடப்பது இன்பம்தான், சுவர்களின் நிறம் அப்போதுதான் எழும். புயல் எச்சரிக்கை என்றால் வராதீர்கள். 2011 தானேவும் 2024 ஃபெஞ்சலும் இந்தக் கரையைத்தான் தாக்கின. பீச் ரோட்டை அப்போது அடைத்துவிடுவார்கள், அலையைப் பார்க்க ஓடி வருகிறவர்களைத் துரத்துவதே காவலர்களுக்கு வேலையாகிவிடும்.

காரை எங்கே நிறுத்துவது?

வாய்க்காலுக்கு மேற்கே. வெள்ளை நகரத்தில் பாதி வீதிகள் ஒருவழி, மீதி வீதிகளில் இடமில்லை. கடலுக்கு அருகில் நிறுத்தவேண்டும் என்று சுற்றும் நேரத்தில் தொலைவில் நிறுத்திவிட்டு நடந்து வந்துவிடலாம். நடக்கத்தானே வந்தீர்கள்.

அழகான வீடுகளின் முன்னால் படம் எடுத்தால் திட்டுகிறார்களே, ஏன்?

அது அவர்கள் வீட்டு வாசல் என்பதால். ஞாயிறு காலை பால் வாங்கக் கதவைத் திறந்தால், மாலையும் கழுத்துமாக ஒரு மணமக்களும், குடை பிடித்த இரண்டு உதவியாளர்களும், கேமராவும் நின்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? தெருவில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தால் எவரும் ஒன்றும் சொல்வதில்லை. படியில் ஏறி உட்காருவதும், பூவைப் பறிப்பதும், ஜன்னல் வழியே உள்ளே படம் எடுப்பதும்தான் வம்பு. தமிழர் வீதிகளில் திண்ணையில் பாட்டி உட்கார்ந்திருந்தால், முதலில் வணக்கம் சொல்லுங்கள். பெரும்பாலும் அவரே உள்ளே வந்து முற்றத்தைப் பார்க்கச் சொல்வார்.

எந்தெந்த நாள்களில் வராமல் இருப்பது நல்லது?

நடப்பதற்கென்றே வருகிறவர்கள் டிசம்பர் 31 இரவைத் தவிர்க்க வேண்டும். பீச் ரோட்டில் அன்று நடக்க மாட்டீர்கள், கூட்டம் உங்களை நகர்த்தும். ஆகஸ்ட் 15 சுதந்திர தினம் மட்டுமல்ல, அரவிந்தர் பிறந்த நாளும்கூட. ஆசிரமத்தைச் சுற்றி நீண்ட வரிசை நிற்கும். ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதியில் சண்டே மார்க்கெட். மேற்கு நடைக்கு அன்று அந்த வீதியைத் தொடாமல் மிஷன் வீதியோடு திரும்பிவிடுங்கள், சட்டை வாங்க வேண்டுமென்றால் தவிர.

தவிர்க்கக் கூடாத நாள்களும் உண்டு. மாசி மகத்தன்று பீச் ரோட்டின் வடமுனையைத் தாண்டி வைத்திக்குப்பம் வரை நடங்கள். சுற்று வட்டாரக் கோயில்களிலிருந்து சாமிகள் தீர்த்தவாரிக்கு அங்கே வரும். ஜூலை 14 அன்று பிரெஞ்சு தேசிய நாளுக்குப் போர் நினைவுச் சின்னத்தில் விளக்கு அலங்காரம் இருக்கும். பிரெஞ்சுப் படையில் இருந்த நம் ஊர் முதியவர்கள் பதக்கங்களை மாட்டிக்கொண்டு வருவார்கள்.

எல்லாம் சரி. எங்களுக்கு இரண்டரை மணி நேரம்தான் இருக்கிறது. ஒரே ஒரு வழி சொல்லுங்கள்.

காலை என்றால் ஆறு மணிக்கு காந்தி திடல். கடலோரமாகத் தெற்கே மேரி கட்டடம் வரை போய், உள்ளே திரும்பிக் கப்ஸ் கோவிலைப் பார்த்துவிட்டு ரோமன் ரோலண்ட் வீதியில் வடக்கே ஏறினால் பூங்காவுக்கு வந்துவிடலாம். ஆயி மண்டபத்தில் பத்து நிமிடம். அதன் பிறகு ரங்கப்பிள்ளை வீதியில் வாய்க்காலைத் தாண்டி, மேலே சொன்ன மேற்கு நடையில் வைசியாள் வீதி வரை. அங்கேயே மிஷன் வீதிப் பக்கம் ஏதாவது ஒரு மெஸ்ஸில் இட்லி சாப்பிட்டுவிடுங்கள். எட்டரை ஆகியிருக்கும். விநாயகர் கோயில் அங்கிருந்து தெற்கே, வாய்க்காலுக்கு இந்தப் பக்கம்.

மாலை என்றால் இதையே தலைகீழாக வைத்துக்கொள்ளுங்கள். நாலரைக்கு வைசியாள் வீதியில் தொடங்கினால் ஆறு மணிக்கு, வண்டிகளை நிறுத்தும் நேரத்துக்கு, பீச் ரோட்டுக்கு வந்துவிடலாம். ஆசிரமம் மட்டும் அதற்குள் மூடிவிடும். அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்கிறவர்கள் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பட்டும்.